வேலிக்கு மேலால் போன புழுக்கள்

கல்முனைக்குடியில் கடலோரத் தெருவில் இருந்த நஸீறாவுக்கு அல்லாஹ் குறை வைக்கவில்லை. கல்வீடு, நல்ல தண்ணீர்க் கிணறு, கட்டிய நாளிலிருந்து அதட்டிப் பேசாத மாப்பிள்ளை. ஆனாலும் தென்னங்கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி றாஹிலா சிரித்தால் நஸீறாவுக்கு வயிறு பற்றி எரியும். எரியாமல் என்ன செய்யும்? அங்கே கூடச் சிரிப்பது உம்மாவல்லவா!

பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். மூத்தவளுக்கு, இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் வளவின் மற்றப் பாதியில் கொட்டில் போட்டுக் குடிபோவார்கள். அடுத்தவளுக்குக் கலியாணம் வரும்போது அந்தக் கொட்டில் வீடாகும். ஆயிஷா உம்மாவும் அப்படித்தான் செய்தார். கணவர் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு இளையவள் றாஹிலாவோடு இருந்துவிட்டார். ஊரில் யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. நஸீறாவுக்கு மட்டும், வீட்டை எனக்குத் தந்துவிட்டு உம்மாவை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று நெஞ்சு புழுங்கிக்கொண்டே இருந்தது. வாய் திறந்து ஒருவரிடமும் சொல்ல மாட்டாள். அழுத்தக்காரி.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. சண்டை நடந்த நாட்டு நிலைமையில் சொறிக்கல்முனைப் பக்கத்து மரக்கறி ஒருநாள் சந்தைக்கு வரும், மறுநாள் வராது. அதனால் றாஹிலா வளவில் பயற்றைக் கொடி நட்டுப் பந்தல் போட்டாள். விடியலில் ஸுபஹ் தொழுது முடிந்ததும் உம்மாவும் மகளும் பந்தலடியில் நிற்பார்கள். இலையைப் பிரட்டி அடிப்பக்கம் பார்ப்பார்கள். பூச்சி மொய்த்த குருத்தைக் கிள்ளிச் சவுக்காரத் தண்ணீரில் போடுவார்கள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்து, அந்தத் தண்ணீரை ஈர்க்குமாற்றால் தொட்டுத் தொட்டு இலைகளில் தெளிப்பார்கள். இடையிடையே கதையும் சிரிப்பும். இத்தனையையும் நஸீறா வேலி இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்பாள். தேத்தண்ணீர் ஆறிப்போகும்.

"எனக்கும் பந்தல் போடத் தெரியும்" என்று அவளும் பயற்றை நட்டாள். கறிக்காக இல்லை. இந்தப் பந்தலடியிலும் உம்மா வந்து நின்று இலை பிரட்ட வேண்டும் என்ற ஆசைதான். உம்மா விதையைக் கொடுத்தார், வேலிக்கு மேலால். ஆனால் வரவில்லை. கொடி ஏறி, பூவும் வைத்தது. அப்போதும் வரவில்லை.

பூச்சிதான் வந்தது. அழுக்கணவன் என்று சொல்வார்களே, பேன் அளவில், கறுப்பாக, குருத்திலும் பூங்காம்பிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும், அது. இலை சுருண்டது. தொட்டால் கையில் பிசின் ஒட்டியது. எறும்பு வரிசை கட்டியது. நஸீறா இலையைப் பிரட்டிப் பார்த்தாளா? இல்லை. வேலியைத்தான் பார்த்தாள்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படப்படாது எண்டு சும்மாவா சொன்னாங்க! அவள்ட கண்ணூறுதான் இது" என்றாள்.

பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து தெளித்தாள். பூச்சி அசையவில்லை.

அவளின் மாப்பிள்ளை மீராமுகைதீன் சாரனை மடித்துக் கட்டியபடி வந்து பார்த்தார். "ஓதின தண்ணியில கொஞ்சம் சவுக்காரத்தையும் கரைச்சா என்ன புள்ள? பூச்சிக்கு ரெண்டும் நல்லதுதானே?"

"நீங்க கடைக்குப் போங்க!" என்று சீறினாள்.

அடுத்த வாரம் றாஹிலாவின் கொடியிலும் அழுக்கணவன் ஏறியது. கிள்ளக் கிள்ள வந்தது. அதை வேலி இடுக்கால் கண்டபோது நஸீறாவுக்கு வந்த சந்தோசம் இருக்கிறதே, பெருநாளுக்குக்கூட அப்படி வந்ததில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. சீ, இதற்குப் போய் அல்லாஹ்வைப் புகழ்வதா என்று விழுங்கிக்கொண்டாள்.

பிறகுதான் அவளுடைய கொடியில் அந்தப் புழுக்கள் தென்பட்டன. கறுப்பு உடம்பு, முதுகில் செம்மஞ்சள் புள்ளி, முள்ளு முள்ளாக, ஆறு காலால் விறுவிறென்று ஓடின. பார்க்கவே அருவருப்பு. அழுக்கணவன் எங்கே கூட்டமாக இருந்ததோ அங்கேதான் அவையும் இருந்தன. 'இதுதான் இந்தச் சனியன்களைப் பெத்த தாய்' என்று நஸீறா தீர்மானித்துவிட்டாள். மிதித்துக் கொன்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பொறாமை பிடித்தவளுக்குக் கொல்வதைவிட நல்ல யோசனை வருமே! புழுக்களை ஒவ்வொன்றாகத் தேங்காய்ச் சிரட்டையில் தட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லாத நேரம் பார்த்து றாஹிலாவின் கொடியில் கொட்டினாள். 'இனி நிண்டு சிரிங்க பாப்பம்!'

மறுநாளும் கொட்டினாள். அதற்கு மறுநாளும். தேடித் தேடிப் பொறுக்கியதில் அவளுடைய பந்தலில் ஒரு புழுவும் மிஞ்சவில்லை.

அதன் பிறகு நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. றாஹிலாவின் கொடி தெளிந்தது. புதுக் குருத்து விட்டது. பிஞ்சு இறங்கியது. நஸீறாவின் கொடியோ குருத்துக் கருகி, பூவெல்லாம் கொட்டி, பந்தலில் வெறும் கயிறாகத் தொங்கியது.

ஒரு விடியற்காலையில் றாஹிலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ராத்தா! நீங்க புழு கொண்டந்து போட்டத்த நான் கண்டுட்டன். அது ஒவ்வொண்டும் அழுக்கணவனப் புடிச்சுத் திண்டத்த என்ட கண்ணால பாத்தன். இப்ப அதெல்லாம் சிவப்பு வண்டாகிப் பறக்குது. உங்கட கொடி கெட்டாலும் பரவாயில்ல எண்டு எனக்குத் தந்திரிக்கீங்களே ராத்தா, அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் செய்யட்டும்!"

"ம்... ஓம் புள்ள" என்று மட்டும் நஸீறா சொன்னாள். தங்கச்சி ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பாள். நன்றி சொல்பவளை என்ன செய்வது?

கொஞ்ச நேரத்தில் வளவு வாசலில், கடப்படியில் இருமல் சத்தம் கேட்டது. ஆயிஷா உம்மா நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை. நஸீறாதான் அங்கே போனாள்.

"அது நல்ல புழுவெண்டு தெரிஞ்சிருந்தா நீ ஒண்டையும் குடுத்திருக்க மாட்டாய்" என்றார் உம்மா, குரலைத் தாழ்த்தி. "அவள் நம்பிட்டாள். நான் உன்னப் பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

அவ்வளவு நாளும் அடக்கியது உடைந்தது. "ஓம், கெட்டுப்போகட்டும் எண்டுதான் போட்டன்!" என்று நஸீறா அழுதாள். "அவளுக்கு உம்மா, எனக்குச் சுவர். அதுதானே நீங்க பிரிச்ச பாகம்? அங்க போன நாளையில இருந்து ஒரு ராவாவது என்ட வீட்ட வந்து படுத்தீங்களா?"

உம்மா முக்காட்டைச் சரி செய்தார்.

"இது உனக்குக் குடுத்த வீடு. குடுத்த வீட்டுக்குள்ள கூப்பிடாமப் போய்ப் பாய் விரிக்கிற பொம்புளயா நான்? கறி குடுத்து விட்டாய், பெருநாளுக்குச் சேலை குடுத்து விட்டாய். ஒரு நாளாவது 'வாங்க உம்மா' எண்டு உன்ட வாயால சொன்னயா?"

நஸீறா யோசித்தாள். சொன்னதில்லை. உம்மா கட்டிய வீட்டுக்கு உம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. உம்மா தானாக வராததைத்தான் எண்ணி எண்ணிப் புழுங்கினாள். இந்தக் கடப்புக்கு வெளியே உம்மா எத்தனை தரம் வந்து இருமிவிட்டுத் திரும்பினாரோ, அதையும் அவள் அறியவில்லை.

கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். பிறகு கடப்பை அகலத் திறந்து, "வாங்க உம்மா" என்றாள், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் றாஹிலாவுக்கும் நன்றாகக் கேட்கும்படி.