சொல் போய்ச் சேராத தறி

புதுப் பட்டின் முதல் மடிப்பைப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும். கஞ்சி காய்ந்த வாடை, அதற்கடியில் லேசாக ஈர நூலின் நெடி. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சேலையை உதறினார்கள். சாப்பாட்டுப் பந்தியை விட்டு நான் எழுந்தேவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத ஆள் நான். அந்த வாடை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம் ஓரிக்கை என்ற ஊரில் ஒரு ஓட்டு வீட்டு வாசல்.

அறுபதுகளின் கடைசியில், மாமனார் விட்டுப்போன பட்டுச் சேலைத் தொழில் என் தலையில் விழுந்திருந்தது. பன்னிரண்டு தறிகள், எல்லாம் நெய்பவர்களின் வீடுகளிலேயே. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலை நாங்கள் கொடுப்போம். அவர்கள் நெய்து, மடித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள். சேலையைப் பாயில் விரித்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது முதலாளியின் வேலை. எந்தத் தறி யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் சொல்வது. அது அங்கே எழுதாத முறை. வீட்டில் நூல் சுற்றுகிறவள், அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறவள் எல்லாம் அந்தப் பாயருகே வந்ததே இல்லை. அதை நானும் யோசித்ததில்லை.

ஓரிக்கைத் தறிக்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வைக்கலாம், அப்படியொரு சுத்தமான நெசவு. திடீரென்று அவர் சேலைகளில் குறுக்கே வரி விழ ஆரம்பித்தது. முழத்துக்கு ஒன்றிரண்டு, நூல் கொஞ்சம் நெருங்கி, வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற வரி. ‘சரியில்லை, பார்த்து நெய்யுங்கள்’ என்றேன். தலையாட்டினார். அடுத்த சேலையிலும் வரி. மறுபடி சொன்னேன், மறுபடி தலையாட்டினார். நான்காவது சேலையையும் கடைக்காரர் திருப்பி அனுப்பியதும் முடிவு செய்துவிட்டேன்: அவர் வீட்டில் ஏற்றாமல் கிடக்கும் புதுப் பாவைத் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவது. பாவு போனால் தறி சும்மா நிற்கும்; தறி நின்றால் அந்த வீட்டில் உலை நிற்கும். தெரிந்துதான் சைக்கிளை எடுத்தேன். திரும்பி வந்த சேலையும் பையில் இருந்தது.

வாசலில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலது கையால் மட்டும். இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போனது போலக் கிடந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவரையே பார்த்தேன். இவர் இங்கே இருந்தால் அங்கே யார்?

என்னைக் கண்டதும் எழுந்தவரின் முகம் வெளுத்தது. நான் எட்டிப் பார்த்துவிட்டேன். தறிக் குழியில் கால் இறக்கி உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. பஸ் கூரையிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து தோள் போய்விட்டதாம். ஐந்து மாதமாக அந்த அம்மாள்தான் நெய்கிறாராம். தெரிந்தால் தறியை நிறுத்திவிடுவேனோ என்று பயந்து, சேலையை மட்டும் இவர் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

“வரி விழுதுன்னு நாலு தடவை சொன்னேனே, இவர் சொல்லலையா?” என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

தறி நின்றது. அவர் திரும்பிக் கணவனைப் பார்த்தார். “நல்லா இருக்குதுன்னு மொதலாளி சொன்னாருன்னியே?”

“எனக்காவத்தான் நீ குழியில எறங்கின. உங்கிட்ட வந்து கொற சொல்ல எனக்கு வாய் வரல.”

“கொழம்புல உப்பு இல்லன்னா மட்டும் நல்லா வருது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, எது சரியில்லை என்று என்னிடம் கேட்டார். பார்த்து நெய்ய வேண்டும் என்றேன். பார்க்காமலா நெய்கிறோம், எந்த இடம் என்று காட்டுங்கள் என்றார். அப்போதுதான் உறைத்தது. நான்கு முறையும் நான் இடத்தைக் காட்டவே இல்லை. எனக்கே தெரியாது. குறை என்று ஒன்றைக் கண்டேன், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

சேலையை வாசல் வெளிச்சத்தில் நானும் அந்த அம்மாளும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். அவர் விரல் முதல் வரியில் நின்றது. இரண்டாவதற்குப் போனது. இடைவெளியை ஜாண் வைத்து அளந்தார். மெதுவாக முகம் மாறியது.

“இது ஒல வெச்சிட்டு வந்து குந்தினது. இது தண்ணிக்குப் போனது. இது... சின்னது அழுதுக்கினு இருந்துச்சே, அன்னிக்கு.”

எழுந்து போய்விட்டு வந்து உட்காரும்போதெல்லாம் நூலை நெருக்கும் பலகையின் முதல் நாலைந்து அடி வேகமாக விழுந்திருக்கிறது. விட்ட நேரத்தைப் பிடிக்கிற வேகம். ஒரு பெண்ணின் பகல் முழுவதும் அந்தச் சேலையில் குறுக்கே கிடந்தது. அதை விரித்து வைத்துக்கொண்டு, வேறொருவரைப் பார்த்து, சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. தண்ணீரும் அடுப்பும் பிள்ளையும் இனி கணவரின் ஒற்றைக் கைக்கு என்று அந்த அம்மாளே தீர்ப்புச் சொன்னார். மதியம் ஒருமுறைதான் எழுவது; உட்கார்ந்ததும் முதல் அடிகளைத் தடவுவது போல அடிப்பது. கணவர் முறத்தைப் பார்த்தபடியே தலையாட்டினார். இந்த முறை அது எங்கோ போய்ச் சேர்ந்தது.

பின்னாளில் நான் எழுத வந்தேன். இன்று யாராவது என் எழுத்தைப் படித்துவிட்டு நன்றாக இல்லை என்றால், எந்த இடம் என்று கேட்கிறேன். பாதிப் பேர் விழிக்கிறார்கள். விழிப்பவர்கள்மேல் கோபம் வருவதில்லை. ஓரிக்கை வாசலில் நானும் அப்படித்தான் விழித்தேன்.

அன்று புதுப் பாவை அங்கேயே விட்டுவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். அந்த அம்மாள் வாசல்வரை வந்தார்.

“அடுத்த சேலைய நானே எடுத்துக்கினு வரேங்க. தப்பு இருந்தா எடத்தக் காட்டி எங்கிட்ட சொல்லுங்க,” என்றவர், நான் பெடலில் கால் வைத்த பிறகு சொன்னார்:

“நல்லா இருந்தாலும் எங்கிட்டயே சொல்லுங்க.”