பிள்ளைக் காம்பராவில் என் மகள்

எழுபதுகளின் கடைசியில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. இடுப்பில் ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாளே தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். "வேலை இன்னும் நிரந்தரமாகல டீச்சர். பிள்ளைக்கு ஒரு வழி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும்" என்றார்.

வழி பண்ண அலைந்தேன். ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய, அரசாங்கப் பதிவுள்ள பாலர் இல்லம் ஒன்று இருந்தது. வரிசையாகத் தொட்டில், துடைத்துவிட்ட தரை. பார்த்ததும் ஆசையாக இருந்தது. கட்டணத்தைச் சொன்னார்கள், ஆசை அடங்கிப்போனது. சம்பளத்தில் பாதிக்கு மேல் அங்கேயும் மிச்சம் பஸ்ஸுக்கும் போனால் நான் என்னத்துக்கு வேலைக்குப் போவது? தலவாக்கலையில் ஒரு வீட்டம்மா பிள்ளை பார்ப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், இருட்டறையில் பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு அந்தம்மா முன்னால் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார்கள். பால் கொடுக்கும் நேரத்தில் இறங்கி வந்து, கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். காசு கிடையாது. ஆனால் காலைப் பெரட்டில் நின்று, தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவிடம் அன்றைய வேலைக்குப் பேர் பதிந்தவளின் பிள்ளைக்கு மட்டும்தான் அங்கே இடம். அவர்கள் பிள்ளைகளுக்கு நான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம், என் பிள்ளை அங்கே தூங்கக் கூடாதாம். சட்டமாம் சட்டம்!

லயத்தில் எதிர் வீட்டுக் காம்பராவில் இருந்த அக்கா கொழுந்தெடுப்பவள். அவளுக்கும் என் மகள் வயதில் ஒரு மகன்.

"மூஞ்சிய ஏன் இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறீங்க டீச்சர்? இங்க குடுங்க. ரெட்டப் புள்ளன்னு தூக்கிட்டுப் போறேன்."

"கண்டாக்கையாவுக்குத் தெரிஞ்சா?"

"அவரு கொழுந்துல முத்தல் இருக்கான்னு பாக்குற ஆளு. புள்ளைய எங்க பாக்கப் போறாரு?"

பிள்ளைக் காம்பரா ஆயா வாய்விட்டுச் சிரித்தாளாம். "பெத்தவளுக்கே தெரியாம ரெட்டப் புள்ளயா! சரி, கொண்டா இங்க." காலையிலும் மாலையிலும் நான் பால் கொடுத்தேன். நடுவில் அக்கா இரண்டுக்கும் கொடுத்தாள். லயம் முழுக்கத் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. விஷயம் வெளியே வந்தால் என் பிள்ளைக்கு இடம் போகும், அக்காவுக்கு வேலை நிற்கும். அந்தப் பயம் எனக்கு நெஞ்சிலேயே இருந்தது.

ஒருநாள் கண்டாக்கையா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறாராம். தமிழ் தெரியாதாம். "என் சிங்களம் கடையில சாமான் வாங்கத்தான் பத்தும் டீச்சர். நீங்க நோட்டன் பிரிட்ஜ்ல சிங்கள ஆளுங்களோட வளந்தவங்க. வந்து அவங்க கேக்குறதக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்க" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்ல?

பால் கொடுக்கும் நேரம். நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடியே பெண்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்டாக்கையா வெளியே நின்றார். டாக்டரம்மா கேட்கக் கேட்க நான் தமிழில் சொன்னேன். தொட்டில் பக்கமே பார்க்கவில்லை. ஆனால் என் மகள் என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டு கையையும் நீட்டி, "அம்மா!" என்றாள்.

அந்தச் சொல்லுக்கு மட்டும் என் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சிங்களத்திலும் அது அம்மாதானே. டாக்டரம்மா தொட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையுடைய அம்மா யார்?"

அதைத் தமிழில் சொன்னேன். குரல் எப்படி வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"என்னோடதுதாங்க!" அக்கா பாய்ந்து போய் அவளைத் தூக்கினாள். "டீச்சரப் பாத்தா எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தான்." உட்கார்ந்து மாராப்பை விலக்கி வாயில் வைத்தாள். தினமும் குடிக்கிற பால்தான். அன்றைக்கு அந்தப் பாவி மகள் குடிக்கவில்லை. என்னைப் பார்த்து உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கதறினாள்.

"இவங்க பிள்ளைதான்" என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு மார் சுரந்துவிட்டது. வாய் பொய் சொல்லலாம், உடம்பு கேட்கவா போகிறது? ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து மூடுவதற்குள் சேலையிலும் ஈரம் பரவிவிட்டது.

டாக்டரம்மா அந்த ஈரத்தைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"பிள்ளை ரொம்ப அழுகிறாள்" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "டீச்சர் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். உள்ளே எட்டிப் பார்க்க வந்த கண்டாக்கையாவை நிறுத்தி, கூரை ஒழுகுவதைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"என்னவாம் டீச்சர்?" என்றாள் அக்கா.

எனக்கு இரண்டு மொழியும் வரவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

வாசலில் கண்டாக்கையா தெரிந்த சிங்களத்தையெல்லாம் போட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தார். என் மகள் குடித்து முடிக்கும்வரை டாக்டரம்மா அவரை விடவில்லை.