மேலெல்லாம் கண்ணாடி

மண்ணெண்ணெய் வாசனை மாடிப்படியில் ஏறி வந்தால், பின்னாலேயே அப்பா வருகிறார் என்று அர்த்தம். தொலைபேசி இலாகாவில் கேபிள் இணைப்பது அவர் வேலை. செம்புக் கம்பிகளைச் சுற்றி அடைத்திருக்கும் "ஜெல்லி" கைகளில் அப்பிக்கொள்ளும், அதை மண்ணெண்ணெய் தொட்டுத்தான் துடைக்க வேண்டும். மைசூரில், தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே அம்மா இறந்துபோய்விட்டாள். பள்ளி விட்டு வந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கீழே சந்தைக்காரர்களின் கூச்சலைக் கேட்டபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன். வாசனை வந்ததும் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொள்வேன், அழுக்குச் சட்டையோடு அப்படியே என்னைத் தூக்கிக்கொள்வார். நாள் முழுவதிலும் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

பிறகு "ஃபைபர்" வந்தது. பயிற்சிக்குப் போய்த் திரும்பிய அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "மழை பெஞ்சா போன்ல கொரகொரன்னு கேக்குமே, அதெல்லாம் இனிமே இல்ல புட்டி! தலைமுடி அளவுதான் கண்ணாடி, அதுக்குள்ளே வெளிச்சம் ஓடும், ஊரே அதுல பேசும்!" என்றார். மைசூர் வீடுகளில் பெண் குழந்தையைக் கொஞ்சிக் கூப்பிடும் அந்தப் "புட்டி"தான் வீட்டில் எனக்கும் பெயர்.

ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையோரம் குழிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இழையின் மேலுறையை உரித்து, நுனியை நேராக வெட்டி, இரண்டு நுனிகளையும் இயந்திரத்தில் வைத்து உருக்கி ஒட்டுவது அவருடைய புது வேலை. வெட்டி விழும் துணுக்குகள் கண்ணுக்கே தெரியாது; தோலில் ஏறினால் லேசில் எடுக்க முடியாது. அதனால் வீட்டில் புதுச் சட்டம் வந்தது. படியேறும்போதே குரல் கொடுப்பார்: "கிட்டே வராதே புட்டி! மேலெல்லாம் கண்ணாடி. ஒந்து நிமிஷா இரு, குளிச்சுட்டு வந்துடறேன்."

அந்த ஒரு நிமிஷம் அரை மணியாகும். குளித்து, துணியைத் தனியாக அலசிப் போட்டு, நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். நான் சுவரோடு ஒட்டி நிற்பேன். ஊரையெல்லாம் பேச வைத்த அந்தக் கண்ணாடியின் மேல் எனக்கு அப்படியொரு ஆத்திரம்!

ஐந்தாம் வகுப்பில், கன்னடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். தமிழ் வீட்டுப் பெண், சும்மாவா? கோப்பையோடு காத்திருந்தவள், சட்டமாவது ஒன்றாவது என்று பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டேன். அப்பா இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டார். கதவு நிலையில் முழங்கை இடித்து விழுந்தேன். "ஐயோ, கண்ணுல பட்டா நான் என்னடி பண்ணுவேன்!" என்று அலறியவர், சட்டையைக் கழற்றி எறிந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒட்டும் நாடாவை என் கழுத்திலும் கன்னத்திலும் ஒற்றி ஒற்றி எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். எனக்கோ தள்ளிவிட்டது மட்டும்தான் மனத்தில் நின்றது.

மறுநாள் முதல் நான் ஓடவில்லை. குளித்துவிட்டு வந்து, "வா புட்டி" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார். நான் பாடப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன். சரியான அழுத்தக்காரி! ஒரு வாரத்தில் வீம்பு போய்விடும் என்று நானும் நினைத்தேன், அவரும் நினைத்திருப்பார். சில மாதங்களில் அவர் கை நீட்டுவதை விட்டுவிட்டார். அதைக் கவனிக்கத்தான் செய்தேன். பிறகு வளர்ந்துவிட்டேன்.

இன்று என் தெருவில் செம்புக் கம்பியும் இல்லை, மணியடிக்கும் கனத்த தொலைபேசியும் இல்லை. கண்ணாடி இழை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பொருத்த வந்தவர், நான் கொடுத்த காபி ஆறுவதற்குள் ஒட்டி முடித்துப் போய்விட்டார். ஓய்வு பெற்ற அப்பா கொள்ளேகாலில் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் வீடியோவில் பேசுகிறோம். அவர் புருவத்தின் நரைகூடத் தெளிவாகத் தெரிகிறது.

போன மாதம் பஸ் ஏறி அவரைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் முகமெல்லாம் மலர்ந்து ஓரடி முன்னால் வந்தார். நானும் ஓரடி வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் தோளிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா?" என்று கேட்டார்.

"கெடச்சுதுப்பா" என்றேன்.