ஸ்டியரிங்கும் நல்லதம்பியின் வயிறும்

நல்லதம்பியின் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே முன்பெல்லாம் ஒரு தூக்குச் சட்டியையே வைக்கலாம். இப்போது தோள் துண்டுகூட நுழையாது. பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டை, கந்தர்வக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர் அவர். இருபது வருஷ சர்வீஸில் ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. அப்படிப்பட்டவரை, ஹெவி லைசென்ஸைப் புதுப்பிக்கச் சான்று கேட்டுப் போன இடத்தில் டாக்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"சுகர் ஏறிக் கெடக்கு, பிரஷரும் இருக்கு. ரெண்டு மாசத்துல எடையக் கொறச்சுட்டு வாங்க. இல்லேன்னா கையெழுத்துப் போடமாட்டேன்."

கையெழுத்து இல்லையென்றால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாத நல்லதம்பியை அவராலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தப் பயத்தைவிட அவரை அதிகமாகக் குடைந்தது ஒரு சந்தேகம். கண்டக்டர் அஜ்மலும் அதே ஓட்டலில், அதே புரோட்டாவை, அதே சால்னாவை ஊற்றித்தான் தின்கிறான். பஸ்ஸை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களிடம் அந்த ஓட்டலில் காசு வாங்குவதில்லை. ஆகையால் இவர்களும் அளவு பார்த்துத் தின்பதில்லை. அப்படியும் அஜ்மல் ஒட்டடைக் குச்சி மாதிரியே இருந்தான்.

"தின்னதெல்லாம் எங்கடா போகுது அஜ்மலு?"

"எனக்கென்ன தெரியும்ணே? ஒங்ககிட்டதான் வந்து சேருதோ என்னமோ."

சிரித்தாரே தவிர நல்லதம்பி விடவில்லை. மறுநாள், ரோட்டைப் பார்த்த நேரம் போக, கண்ணாடியில் அவனையே நோட்டம் விட்டார். முன்படிக்கும் பின்படிக்கும் கூட்டத்தில் நீந்துகிறான். மூட்டையைக் கூரையில் ஏற்றுகிறான். ஸ்டாண்டு வந்தால் டைம்கீப்பரிடம் ஓடுகிறான். பிறகு தன் நிலைமையை யோசித்தார். காலையில் சீட்டில் உட்கார்ந்தால் மத்தியானம் ஓட்டல் வாசலில்தான் இறங்குகிறார். நடுவில் எல்லாம் ஜன்னல் வழியாகவே வந்துவிடுகிறது; டீ, வடை, போண்டா, மறுபடியும் டீ. டிரைவர் இறங்கிப் போய் டீ வாங்குவது அந்த லைனில் கிடையாது. கண்டக்டர் கொண்டுவந்து நீட்டவேண்டும், அதுதான் மரியாதை. ஆக, தொப்பையில் பாதி மரியாதையால் வந்தது! இதைக் கண்டுபிடித்தபோது நல்லதம்பிக்கு ஏதோ பரீட்சையில் பாஸான சந்தோஷம்.

அடுத்த நாள் புதுக்கோட்டை ஸ்டாண்டில் இறங்கினார். வேகவேகமாக ஒரு சுற்று நடந்துவிட்டு, கடைக்குப் போய்ச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ கேட்டார். டீ மாஸ்டருக்குக் கை ஓடவில்லை.

"ஏண்ணே, அஜ்மலோட எதும் மனஸ்தாபமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா நடக்கலாம்னு எறங்குனேன்."

"சரி சரி, நான் யார்ட்டயும் சொல்லல" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

டிரைவர் சும்மா நடப்பார் என்பதை ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. இரண்டு நாளில் சேதிக்குக் கைகால் முளைத்துவிட்டது. அஜ்மல் டீ வாங்கித் தரமாட்டேன் என்றானாம், நல்லதம்பி அடித்துவிட்டாராம். வீட்டில் மனைவி செவந்தியே, "அந்தப் புள்ள மேலயா கைய வச்சீங்க?" என்று முறைத்தாள்.

பஸ் முதலாளி இருவரையும் ஓட்டலுக்கு வரச் சொன்னார். சண்டையைத் தீர்க்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி மட்டன் பிரியாணி. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நல்லதம்பியின் இலையில் தன் கையாலேயே அள்ளி வைத்தார்.

"சண்டையே இல்ல மொதலாளி" என்றான் அஜ்மல். "அண்ணன் ஒடம்ப எளைக்க நடக்குறாரு. அம்புட்டுத்தான்."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். நல்லதம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொன்னதையும் கண்ணாடியில் தான் கண்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். முதலாளியின் முகம் மாறிவிட்டது.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒன்னய விட்டா எனக்கு யாரு இருக்கா? என்ன வேணும், சொல்லு."

"புதுக்கோட்டையில அஞ்சு நிமிஷம் சேத்துக் குடுங்க. எறங்குறதுக்குள்ள பின்வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நடக்க முடியல, சோத்தக்கூட மென்னு திங்க முடியல."

"அது எப்புடிப்பா? நாம நின்னா வழியில நிக்கிற சனமெல்லாம் அடுத்த வண்டியில ஏறிடும். வேற என்ன வேணாலும் கேளு" என்றவர், சர்வரைக் கூப்பிட்டு, "இங்கிட்டு இன்னும் ரெண்டு பீஸ் வைப்பா" என்றார்.

நல்லதம்பி இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கோபந்தான். ஆனால் அந்த மனிதரின் பிரியம் பொய்யில்லை என்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. சர்வர் கரண்டியோடு வருவதற்குள் இலையை மடித்து மூடினார்.

"நாளைலேருந்து அஞ்சு நிமிஷம் எறங்கி நடக்கத்தான் போறேன் மொதலாளி. அதுக்கு என்னைய விடுறதா, ரெண்டு மாசம் கழிச்சு வேற டிரைவர் தேடுறதான்னு நீங்களே பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார். முதலாளி அஜ்மலைப் பார்த்தார். அஜ்மல் பாதி பிரியாணியோடு தன் இலையையும் மூடினான்.