நீல பார்டர் போட்ட சிவப்பு ஸ்வெட்டர்

காஞ்சிபுரத்தில் யாருக்கும் ஸ்வெட்டர் தேவைப்பட்டதில்லை. மார்கழி விடியலில் கோயிலுக்குப் போகிறவர்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் எங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே அதிகம். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி ஓடுகிற எங்கள் தெருவில், என் அம்மா ஒருத்திதான் கம்பளி நூல் உருண்டையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு ஊசிகளால் பின்னிக்கொண்டிருப்பாள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அந்தத் துணிச்சல்தான் இதுவும்.

அம்மா நர்ஸ். நீலகிரிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில், குளிர் தாங்காமல் அறைத்தோழியிடம் கற்றுக்கொண்ட பின்னல் அது. ஊருக்கு வந்து கல்யாணமாகி, தறிக்காரர் வீட்டில் குடியேறிய பிறகும் கை நிற்கவில்லை. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஒரு கம்பளித் தொப்பி உண்டு. சித்திரை வெயிலில் பிறந்த குழந்தைக்கும் விலக்கு இல்லை. பஸ்ஸில் எதிரே ஒரு குழந்தை தலை வியர்த்து அழுதுகொண்டிருந்தால், தொப்பியைப் பார்த்தே இது எங்கம்மா போட்டது என்று சொல்லிவிடுவேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. அந்த வேலைக்காக அவள் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுதியிருந்தாள். அதற்குப் படித்ததே ஒரு வேடிக்கை. ஒரு காதில் போன் ஒயர், கையில் ஊசி, அடுப்பில் குழம்பு. காதில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் மழையைப் பற்றிப் பேசுவான், இவள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பின்னுவாள். பக்கத்து அறையில் தறியை மிதித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் அந்த மழை மனப்பாடமாகிவிட்டது. தேறிய பிறகு சான்றிதழ், முத்திரை, நகல், மறுபடி முத்திரை என்று மாதக்கணக்கில் அலைந்தாள். எந்த ஆபீசில் எவ்வளவு நேரம் உட்கார வைத்தார்கள் என்பதை, அன்றைக்கு எத்தனை விரல் அகலம் பின்னினாள் என்பதை வைத்து நாங்கள் கணக்குப் போடுவோம்.

"நான் முன்னாடி போறேன். ஆறு மாசத்துல நீயும் அப்பாவும் வந்துடுவீங்க" என்று என்னிடம் சொல்லியிருந்தாள். ஆறு மாதம் என்றால் அரைப் பரீட்சை வரைக்கும்தான் என்று நானும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு நான் போட்டுக்கொள்வதற்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டரும், தனக்கு ஒரு நீல ஸ்வெட்டரும் பின்னிக்கொண்டிருந்தாள். என்னுடையது முதலில் முடிந்தது. கைகளைச் சேர்த்துத் தைப்பது மட்டும் பாக்கி. அம்மா கிளம்ப மூன்று வாரம் இருந்தது.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்பா நெய்து இறக்குகிற புடவையின் பின்பக்கத்தில் புட்டா என்கிற பூக்கள் ஒவ்வொன்றிலும் நூல் முனைகள் தொங்கும். அவற்றைச் சின்னக் கத்திரியால் ஒட்ட வெட்டிவிடுவது என் வேலை. தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த வேலை தெரியும். ஆனால் என் கை சுத்தம் தெருவில் யாருக்கும் வராது என்பது என் சொந்த அபிப்பிராயம். "தொங்குற நூலு ஒண்ணு கூட இருக்கக் கூடாது" என்பார் அப்பா. எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ஸ்வெட்டர் தறி மரத்தின் ஆணியில் மாட்டியிருந்தது. ஆணி இழுத்து, நெஞ்சுப் பக்கத்தில் ஒரு நூல் விரல் நீளத்துக்கு வெளியே தொங்கியது. அம்மா கவனிக்கவில்லை போலிருக்கிறது, பாவம், எத்தனை வேலைதான் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கத்திரியை எடுத்து ஒட்ட வெட்டினேன். நடந்து போய் அம்மாவிடம் சொல்லி நல்ல பெயரும் வாங்கப் பார்த்தேன்.

அம்மா ஓடி வந்து ஸ்வெட்டரை எடுத்தாள். எடுத்த வேகத்துக்கு, வெட்டிய இடத்திலிருந்து பின்னல் கண் கண்ணாக அவிழ்ந்து இறங்கி, என் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அப்பா தறியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்.

"ஒரு இழை போனா இவ்ளோ போவுமா?"

"இது புடவை இல்லீங்க. இதுல ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரிக்கும் ஒரே நூலு" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். கை ஓங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வேலை வாங்கிக் கொடுத்த ஏஜென்சிக்காரர். அம்மா தறி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். "சரிங்க சார்", "எப்போன்னாவது சொல்ல மாட்டாங்களா சார்", மறுபடி "சரிங்க சார்". அம்மா திட்டப்படியே கிளம்பலாம், ஆனால் நானும் அப்பாவும் போகிற விஷயம் ஆறு மாதத்தில் நடக்காது, இரண்டு வருஷம் ஆகலாம், மூன்றும் ஆகலாம் என்று அவர் சொன்னாராம். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, போனை வைத்த அம்மாவின் முகம் மட்டும்தான். ஓங்கிய கையை அவள் மறந்தே போயிருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் மெதுவாக, "நான் போவலன்னு சொல்லிடட்டுமா?" என்றாள்.

"இத்தினி தூரம் வந்துட்டு இன்னாம்மா பேச்சு இது? நீ போ. நாங்க இருந்துக்குறோம்" என்றார் அப்பா.

ஒரு நூலை வெட்டியதற்காக வெளிநாட்டுப் பயணத்தையே நிறுத்துகிற அளவுக்கு அம்மாவுக்கு என் மேல் கோபம் என்று நான் புரிந்துகொண்டேன். தட்டில் இருந்த சோற்றை மேற்கொண்டு பிசைய முடியவில்லை.

மறுநாள் ஸ்வெட்டர் முழுவதையும் பிரித்தாள். நான் இரண்டு கைகளையும் நீட்டி நிற்க, நூல் என் மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றி வந்து நிறைந்தது. அறுந்த இடங்களை அப்பா சேர்த்துக் கொடுத்தார். தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி ஒட்டுகிற கை அது. கம்பளியில் எங்கே சேர்த்தார் என்று அம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊசியில் ஏற்றிய கண்களை நான் எண்ணிப் பார்த்தேன். முன்பு எழுபத்திரண்டு. இப்போது நூறு.

"ஏம்மா இவ்ளோ?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாமா தென்னேரியிலிருந்து வந்தார், அம்மாவுக்கு அண்ணன். திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. ஆனாலும் அயர்லாந்துக் குளிரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. மூன்று பாட்டில் ஊறுகாயோடு தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள், பனைமரம் மாதிரி வளர்ந்தவள். பார்க்கும்போதெல்லாம் என் பக்கத்தில் நின்று உயரம் பார்ப்பது அவளுக்கு வழக்கம்.

பழைய பேப்பர் கடையிலிருந்து தராசு வாங்கி வந்து பெட்டியை எடை போட்டார்கள். இரண்டு பாட்டில் ஊறுகாய் வெளியே வந்தது. மாமா மனசு உடைந்து உட்கார்ந்திருந்தபோது, அம்மா அவர் மகளைக் கூப்பிட்டு, பாதி முடிந்திருந்த ஸ்வெட்டரை அவள் முதுகில் வைத்துப் பார்த்தாள். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது.

"இவளுக்கு எத்தினி வயசுண்ணா ஆவுது?"

"பன்னெண்டு முடியப் போவுது."

"அப்ப சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா விறுவிறுவென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வரவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்வெட்டர் அவளுக்குத்தான். ஸ்வெட்டர் மட்டும் அவளுக்கு என்றால்கூடப் பொறுத்திருப்பேன். வெயிலடிக்கிற தென்னேரியில் அவளுக்கு எதற்கு ஸ்வெட்டர்? எனக்குப் பதிலாக அவளைத்தான் அம்மா அழைத்துக்கொள்ளப் போகிறாள். அவள் எதையும் வெட்டியதில்லை. அன்றைக்கு அவளோடு நான் பேசவில்லை. அவள் செருப்பில் ஒன்றைத் தறிக் குழிக்குள் போட்டேன். சொல்லக் கூசுகிறது, ஆனால் போட்டேன்.

கண்கள் அதிகமானதால் சிவப்பு நூல் போதவில்லை. அம்மா தனக்காகப் பின்னிக்கொண்டிருந்த நீல ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலால் இடுப்புப் பட்டையையும் கை முனைகளையும் முடித்தாள். பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "கம்பளியிலயும் பார்டர் வெச்சிட்டியே! காஞ்சிபுரத்துக்காரின்னு காட்டிட்டியேம்மா" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். குளிர்தேசத்துக்குக் கிளம்புகிறவள் தனக்கு இனி ஸ்வெட்டர் இல்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, துணியில் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்தாள். பிரித்துப் பார்த்தால் அந்த ஸ்வெட்டர். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"எனக்கா?"

"பின்ன யாருக்கு?"

போட்டுப் பார்த்தேன். கைகள் விரல்களைத் தாண்டித் தொங்கின. நீல பார்டர் முழங்காலைத் தொட்டது. "பெருசா இருக்குதுமா."

"வளந்துடுவே. வரும்போது இத போட்டுக்கினு வா" என்றாள். என்னைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. ஸ்வெட்டருக்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது, சொல்லவில்லை.

அன்று முதல் எனக்கு ஒரு லட்சியம் பிறந்தது. ஸ்வெட்டர் சரியாகிற அன்றைக்குத்தான் அம்மா கூப்பிடுவாள் என்று நான் தீர்மானமாக நம்பினேன். பிடிக்காத பாலைக் குடித்தேன். தினமும் நிலைப்படியைப் பிடித்துத் தொங்கினேன். மாதம் பிறந்தால் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுப் பார்ப்பேன். அது அசைந்து கொடுக்கவில்லை. போனில் அம்மாவின் முகம் வரும். என் முகத்தை மட்டும் காட்டி, உயரம் தெரியாதபடி பார்த்துக்கொள்வேன். "வளந்துட்டியா?" என்று கேட்பாள். "வளந்துக்கினே இருக்கேன்மா" என்பேன். அப்படிச் சொன்னால் அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்ப்பேன். ஏனோ முகம் வாடிவிடும்.

பதினோராவது மாதம் எங்களுக்கு விசா வந்துவிட்டது. அப்பா புடவையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். மாமா மறுபடி மூன்று பாட்டில் ஊறுகாயோடு வந்தார். எல்லோரும் ஆனந்தப்பட்டபோது நான் மட்டும் பீரோவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஸ்வெட்டர் இன்னும் தொளதொளவென்றுதான் இருந்தது. அப்பாவிடம் சொன்னால் பயணம் நின்றுவிடும் என்று வாயைத் திறக்கவில்லை. கிளம்புகிற அன்று உள்ளே மூன்று சட்டை போட்டு, அதற்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டு, கைகளை நான்கு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டேன். மீனம்பாக்கத்து வெயிலில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

அயர்லாந்து விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டேன். இளைத்திருந்தாள், யாருடையதோ போன்ற ஒரு பெரிய கோட்டுக்குள் இருந்தாள். நான் ஓடியதில் மடிப்புகள் அவிழ்ந்து கைகள் இரண்டும் தொங்க ஆரம்பித்துவிட்டன. என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று பாதியிலேயே நின்றுவிட்டேன்.

அம்மா வந்து என் முன்னால் மண்டியிட்டாள். தொங்குகிற கையைப் பிடித்துப் பார்த்தாள். நீல பார்டரை இழுத்துப் பார்த்தாள், முழங்காலுக்கு மேலே நான்கு விரல்கூட ஏறவில்லை. சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள். "பெருசாவே இருக்குதே... பாருங்களேன், இன்னும் பெருசாவே இருக்குது" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு ஸ்வெட்டரின் அளவு தப்பிப் போனதற்கு இவ்வளவு பெரியவர்கள் இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தப்பு அவளுடையதுதான், நூறு கண் ஏற்றியது அவள்தானே. ஆனாலும் வந்த இடத்தில் அதைச் சொல்லிக் காட்ட மனசு வரவில்லை. ஸ்வெட்டர் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாதமா. சீக்கிரமா வளந்துடுறேன்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.