அறுபத்தொரு வயதுப் புது மருமகளும் அவர் பாசி உடுப்பும்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? தோசாமாவை! எங்கள் கட்யானா ஊரில் பாசிமணி கோத்து உடுப்பு தைக்கும் அதே தோசாமா. வயது அறுபத்தொன்று. இரண்டாம் கல்யாணம் போன மாதம்தான் முடிந்தது. அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி அவர் புது மருமகள்.

புருவம்வரை இறக்கிக் கட்டிய கறுப்புத் துணி, கணுக்கால்வரை கவுன், தோளில் சால்வை, விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் டீ. புகுந்த வீட்டில் புதுப் பெயர் வேறு வைப்பார்கள். மாமியார் நோஃபினிஷுக்கு எண்பத்தாறு வயது. அவர் யோசித்து யோசித்து வைத்த பெயர் நோக்வண்டா, அதாவது வம்சத்தைப் பெருக்குகிறவள். அதைக் கேட்டு மாப்பிள்ளை தெம்பெகிலேவுக்கே இருமல் வந்துவிட்டது. அவருக்கு அறுபத்தெட்டு.

"இந்தக் கோலம் எப்போ முடியும் அத்தை?" என்று தோசாமா கேட்டாராம்.

"மொதப் புள்ள பொறந்ததும்."

இன்று தெம்பெகிலேவின் தம்பி மகன் பருவச் சடங்கை முடித்து, மலையிலிருந்து ஆம்பளையாகி இறங்கியதற்கான விருந்து. நான் கறிக்காகத்தான் போனேன், மறைக்க மாட்டேன். தோசாமாவுக்கோ ஒரே ஆசை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவர், தனக்கென்று ஒன்றை இந்தக் குளிர்காலத்தில்தான் முடித்திருக்கிறார். மூத்த பெண்கள் உடுத்தும் முழு உடுப்பு. அதை இன்றைக்குப் போட்டுக்கொண்டு முற்றத்தில் உட்கார வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அத்தை" என்று என் கண் முன்னால்தான் கேட்டார்.

"நேத்து வந்தவ இன்னிக்கு மூத்தவளா? போய் பியர் ஊத்துடி."

ஊற்றினார். வீட்டில் காய்ச்சிய சோள பியர், வாளி வாளியாக. பாயில் பதினோரு பெண்கள். அதில் ஏழு பேர் உடம்பில் இருந்தது தோசாமா கோத்த பாசி! ஒருத்தி தன் பாசி இடுப்புத் துணியைத் தலைகீழாக வேறு கட்டியிருந்தாள். தோசாமா மூன்று முறை அவளைக் கடந்து போனார். புது மருமகள் வாய் திறக்கக் கூடாதே! பொறுக்காமல் நான்தான் சொன்னேன்.

"அக்கா, தலைகீழா கட்டியிருக்கீங்க."

"இதான் இப்போ ஃபேஷன்" என்றாள்.

கறுப்புத் துணிக்குள்ளிருந்து கொதிக்கிற கெட்டில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அப்போதுதான் நோஃபினிஷ் தன் புகைக் குழாய் மேலேயே உட்கார்ந்தார். படக்! இரண்டு துண்டு. எங்கள் மூத்த பெண்களுக்குக் குழாய் இல்லாவிட்டால் விருந்தே தொண்டையில் இறங்காது. பக்கத்து வீட்டு மந்தோம்பியிடம் கேட்டார்.

"போன தடவ வாங்கிட்டுப் போன குழாயவே நீ இன்னும் குடுக்கல" என்றார் அவர், புகையை விட்டபடி.

நோஃபினிஷுக்குத் தெரியும், மருமகள் பெட்டியில் முழங்கை நீளக் குழாய் ஒன்று இருக்கிறது.

"நோக்வண்டா! உன் குழாயக் கொண்டா."

தோசாமா தலையைக் குனிந்தார். "குழாயா? நான் புது மருமக அத்தை. பொகையப் பத்தி நெனைக்கவே கூடாதே."

"அந்தப் பாசிப் பைக்குள்ளதான இருக்கு?"

"பை மூத்தவங்க உடுப்போட சேந்ததாச்சே. எனக்கேது?"

"யாராச்சும் எடுத்துட்டு வாங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. ஒருத்தியின் பைக்குள் இன்னொருத்தி கை விடுவது இங்கே நடக்காத காரியம். மந்தோம்பி மட்டும் சொன்னார்: "புள்ள பொறக்கட்டும், பொறுத்துக்கோ நோஃபினிஷ்!"

பாய் முழுக்கச் சிரிப்பு. கிழவி ஒரு டப்பா பியர் குடித்து முடிக்கும் வரைக்கும் தாங்கினார்.

"சரி, போய் மாத்தித் தொலை."

"எத மாத்தட்டும் அத்தை?"

"எல்லாத்தையும்டி!"

முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார் தோசாமா. "மொதல்ல பொகையில!" என்று கிழவி கதவைத் தட்டுகிறார். "முடிச்சு போட்டுட்டிருக்கேன் அத்தை!" என்று உள்ளேயிருந்து குரல்.

பிறகு வந்தார். கறுப்பு நாடா வரிவரியாக ஓடும் வெள்ளைப் பாவாடை. நெஞ்சில் வெள்ளையும் நீலமுமாகப் பாசி அடுக்கு. இடுப்பில் முத்துப் பொத்தான்கள். மாடிவீடு மாதிரி தலைப்பாகை. நடக்க நடக்கப் பாசிகள் சலசலக்கின்றன. என் கண் நிறைந்துவிட்டது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் முடியாது, அவர் இன்னும் குழாயைப் பற்றவைக்கவே இல்லை.

பையைத் திறந்தார், பற்றவைத்தார், முதல் இழுப்பைத் தானே இழுத்துக்கொண்டுதான் மாமியாரிடம் நீட்டினார். நேரே அந்த இடுப்புத் துணிக்காரியிடம் போய் அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார். "ஃபேஷனாம், ஃபேஷன்!" அப்புறம்தான் பாயில், மாமியாருக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்தார்.

நோஃபினிஷ் மருமகளின் பாவாடை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கோணலா இருக்கு" என்றார். கோணலே இல்லை! "எனக்கும் ஒண்ணு தை."

"தைக்கிறேன் அத்தை. இப்போ பியர் யாரு ஊத்துறது?"

கிழவி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "டேய் தெம்பெகிலே!"

தோசாமா சனிக்கிழமைகளில் கட்யானா டாக்சி நிலையத்துக்கு எதிரில் உட்கார்ந்து தைக்கிறார். தயவுசெய்து போய்ப் பாருங்கள். அளவெடுக்கும்போது வயிற்றை எக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், முக்கியமாக உங்கள் மாமியாருக்கு.