குமைராவுக்குக் கேட்கும் வண்டி

எங்கள் பாலைவன மணற்பக்கத்தில் இரண்டே கட்சிதான். ஒன்று க்ரூசர் கட்சி, இன்னொன்று நிஸான் கட்சி. லேண்ட் க்ரூசர் வைத்திருப்பவன் வாய்தவறி நிஸான் பட்ரோலைப் புகழ்ந்துவிட்டால் அன்றைக்கு அவன் வீட்டில் அவனுக்கே காபி கிடைக்காது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் ஒட்டகம் எத்தனை என்று விசாரிப்பதற்கு முன்னால், வாசலில் என்ன வண்டி நிற்கிறது என்று எட்டிப் பார்ப்போம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் பிறவியிலேயே க்ரூசர். அதை மறைத்துக்கொண்டு கதை சொல்ல எனக்கு வராது.

என் அக்கா மவ்ஸாவை ஒரு நிஸான் வீட்டில்தான் கட்டிக்கொடுத்தோம். ஆனால் அவள் கணவர் முஸல்லம் கல்யாணமான வருஷமே ஒரு க்ரூசரை வாங்கிவிட்டார். அவர் தம்பி ஹுமைத் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. "பொண்ணக் குடுத்தாங்க, கூடவே சூனியத்தையும் வச்சுக் குடுத்தாங்க" என்று எந்த விருந்திலும் சொல்லிச் சிரிப்பான்.

அந்த வண்டி வெயிலில் நின்று நின்று மணலின் நிறத்துக்கே வந்துவிட்டது. மேட்டில் நிறுத்தினால் எது மேடு, எது வண்டி என்று தெரியாது. அக்கா பக்கம் ஜன்னலில் கண்ணாடி கிடையாது. குமைரா என்ற ஒட்டகம் குட்டியாக இருந்தபோது பேரீச்சம்பழத்துக்காகத் தலையை உள்ளே விட்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் திமிறி, கண்ணாடியை நொறுக்கிவிட்டது. அத்தான் புதுசு போடவே இல்லை. "மறுபடியும் தலைய விடுமில்ல, வழி இருக்கட்டும்" என்றார்.

சாயங்காலம் அத்தானும் அக்காவும் அந்த வண்டியில் மணலுக்குள் போவார்கள். டயரில் காற்றை இறக்கிவிட்டு, மெதுவாக, படகு போகிற மாதிரி ஏறி இறங்கிப் போவார்கள். ஒட்டகங்கள் எங்கெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். சற்று நேரத்தில் ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு கழுத்து முளைக்கும். எங்கள் ஒட்டகங்களுக்கு எஜமானின் வண்டிச் சத்தம் தெரியும் என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அவை வரிசையாக இறங்கி வருவதைப் பார்த்தால் எனக்கே கனவில் நடப்பது போலிருக்கும்.

அத்தான் மஸ்கட் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. துக்கம் காக்கும் மாதங்கள் முடிந்த மறுநாள் அக்கா எங்கள் பெண்கள் அணியும் முகமூடியைச் சரிசெய்துகொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்துக் கதவில் கண்ணாடி இருந்தது. அதைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "மூச்சு முட்டுதுடா" என்றாள். அன்றைக்கும் ஒட்டகங்கள் வந்தன. குமைரா ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டி, அக்கா உட்கார்ந்திருந்த அவர் இருக்கையை மோந்து பார்த்தது.

"அவர் வந்துட்டாருன்னு நெனைக்குதுங்க" என்றாள் அக்கா. "அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் அவர் முழுசாப் போகல, தம்பி."

க்ரூசர்தானே, நூறு வருஷம் ஓடும் என்று இருந்துவிட்டேன். வருஷக்கணக்கில் ஓடவும் செய்தது. ஆனால் இரும்புக்கும் ஆயுசு உண்டு. பிதியா கடைத்தெரு மெக்கானிக் பானெட்டைத் திறந்தான், பெருமூச்சு விட்டான், மெதுவாக மூடினான். "இது உழைச்சது போதும். நிம்மதியா விடுங்க" என்றான். ஆளுக்குச் சொல்வது போலச் சொன்னான் பாவி.

வேறு வண்டி வாங்கியே ஆக வேண்டும். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்த வாரம் பிதியாவில் வண்டி விற்கிறவர்கள்தான் கூத்தாடிகள். நான் அக்காவை ஒரு கையால் இழுத்தேன், ஹுமைத் மறு கையால் இழுத்தான். அவள் விலையும் கேட்கவில்லை, நிறமும் பார்க்கவில்லை. க்ரூசரிடம் போய் எஞ்சினைப் போடச் சொல்லி, கண்ணை மூடி, பானெட்டில் காதை வைத்தாள். நிஸானிடம் போய் அதையே செய்தாள். விற்கிற பையன் மிரண்டு போனான்.

"என்னம்மா, ஏதாச்சும் கோளாறாத் தெரியுதா?"

"சத்தமே இல்லையே."

"அதுக்குத்தாம்மா காசு! உள்ள உக்காந்தா தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும்."

"நான் தூங்கவா வண்டி வாங்குறேன்? சத்தமில்லாத வண்டி வர்றது ஒட்டகத்துக்கு எப்படிப்பா தெரியும்?"

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். என் க்ரூசரும் புதுசு, ஹுமைத்தின் நிஸானும் புதுசு. இரண்டையும் மந்தைக்குக் கொண்டுபோவது. எந்தச் சத்தத்துக்கு ஒட்டகம் வருகிறதோ அதை வாங்குவது. தோற்ற கட்சி ஆடு அறுக்க வேண்டும் என்று ஹுமைத் சேர்த்துக்கொண்டான்.

முதலில் என் வண்டி. கண்ணாடியெல்லாம் ஏற்றி, குளிர்காற்றைப் போட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு காதைத் தீட்டியிருந்தாள். ஒட்டகங்கள் தலை நிமிரவில்லை. எனக்கு மானமே போயிற்று. அடுத்து ஹுமைத் அவளை அதே மாதிரி உட்கார வைத்துக்கொண்டு போனான். நிமிர்ந்து பார்த்தன, பிறகு அடுத்த மேட்டுக்கு நடையைக் கட்டின.

"உன் வண்டியப் பார்த்துப் பயந்து ஓடுதுங்கடா" என்றேன்.

"உன் வண்டியப் பார்க்கக்கூட இல்லையே மச்சான்" என்றான்.

நாங்கள் சிரித்தோம். அக்கா அழுதுகொண்டிருந்தாள். அதற்கப்புறம் யாரும் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த வாரமே பழைய க்ரூசர் வாசலில் நின்றபடி ஒரு முறை இருமியது. அதோடு சரி. மறுநாள் குமைராவைக் காணோம். நிறைமாதச் சினை. ஈன்றெடுக்கிற நேரத்தில் ஒட்டகம் தனிமையைத் தேடிப் போவது வழக்கம்தான்; ஆனால் போன பிரசவத்தில் கன்று திரும்பிக் கிடந்து, தாய் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. வடகாற்று எழுந்து தடத்தையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தது. என் வண்டியை என் மனைவி பிறந்த வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். ஆக, அக்கா முன்னால் ஏற, நான் ஹுமைத்தின் நிஸானில், அதுவும் பின்சீட்டில் உட்கார வேண்டிய நாளும் வந்தது.

பகல் முழுக்கத் தேடினோம். மணல் ஒரு மேட்டில் மஞ்சள், அடுத்த மேட்டில் இளஞ்சிவப்பு. முகட்டிலிருந்து புகைபோல மணல் பறந்துகொண்டிருந்தது. எங்கும் ஒரே மாதிரி. போன இடத்துக்கே திரும்பி வந்தோமா, புது இடமா என்று தெரியவில்லை. பொழுது சாய்ந்தது.

"அவர் வண்டி இருந்தா இந்நேரம் வந்திருக்கும்" என்றாள் அக்கா. "எனக்கு எதுக்கு வரும்?"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி" என்றான் ஹுமைத். அவன் குரலிலும் கேலி இல்லை.

அவளுக்கு மூச்சு முட்டியிருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கினாள். சூடான காற்றும் மணலும் உள்ளே வந்தன. ஹுமைத் தன் இருக்கைத் துணியை நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பின்னாலிருந்து அவன் தோளை அழுத்தினேன். அக்கா முழங்கையை ஜன்னலில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துத்தான் எனக்கு அது கேட்டது. அவள் முனகிக்கொண்டிருந்தாள். பாட்டு என்று சொல்ல முடியாது. குமைராவின் பெயரையும், அதன் தாயின் பெயரையும், பாட்டியின் பெயரையும் சேர்த்து இழுத்து, நடுவில் நாக்கைத் தட்டி, மறுபடி இழுத்து. எனக்குத் தெரிந்த முனகல்தான். அத்தான் ஓட்ட, அவள் பக்கத்தில் இருந்த காலத்திலிருந்தே அந்த வண்டியில் ஏறினால் எனக்குக் கேட்கும். எஞ்சின் சத்தம் மாதிரி, காதில் விழுந்தும் மனதில் பதியாமல் இருந்தது.

தெற்கு மேட்டுக்கு அப்பாலிருந்து ஓர் ஈனக்குரல் வந்தது.

ஹுமைத் வண்டியை மேட்டில் ஏற்றினான். நன்றாகவே ஏற்றினான், இருப்பதைச் சொல்ல வேண்டுமல்லவா. கீழே காஃப் என்கிற ஒரு வன்னி மரத்தடியில் குமைரா படுத்திருந்தது. கன்றின் ஒரு கால் வெளியே. மற்றது உள்ளே மடங்கியிருந்தது. அக்கா உடுப்பின் கையைச் சுருட்டிக்கொண்டு மண்டியிட்டாள். ஒரு கையால் உள்ளே தடவி, மறு கையால் குமைராவின் தொடையைத் தட்டிக்கொண்டு, அதே முனகலை நிறுத்தாமல், மடங்கிய காலை நீட்டி வெளியே எடுத்தாள். பிறகு நாங்கள் மூவரும் பிடித்து இழுத்தோம். ஈரமாக, நீளமாக, மணலில் வந்து விழுந்தது கன்று. பெண் கன்று. தும்மியது.

"அண்ணி, நீங்க பாடுனதுக்குத்தான் அது கத்துச்சு" என்றான் ஹுமைத்.

"நான் எங்கடா பாடுனேன்?"

"இப்பக்கூடப் பாடிக்கிட்டுதான் இருந்தீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உடைந்த கண்ணாடி, கழற்றி வைத்த கண்ணாடி, என் வண்டியிலும் இவன் வண்டியிலும் அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் எனக்கு அப்போதுதான் ஒன்றாகப் புரிந்தது.

"வண்டியத் தேடி வரலக்கா. உன்னைத் தேடித்தான் வந்துச்சுங்க. எப்பவும்."

அவள் கையிலிருந்த ரத்தத்தை மணலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவர் போயிட்டாரு" என்றாள்.

நான் எதிர்பார்த்தது அதுவல்ல. இத்தனை வருஷம் கழித்து, அந்த மரத்தடியில்தான் என் அக்கா விதவையானாள். சத்தம் போட்டு அழுதாள். ஹுமைத் வேறு பக்கம் திரும்பி நின்றான். கன்று எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. அது நான்கு காலில் நின்று மடியைத் தேடியபோது அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "ஏய், அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்" என்று தள்ளிவிட்டாள்.

அக்காவும் கன்றும் பின்பக்கம் ஏற, குமைரா கூடவே நடக்க, வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் அவள் பிதியாவுக்குப் போய் நிஸான் வாங்கினாள். காரணம் கேட்டேன். "எனக்கு எதுவானாலும் ஒண்ணுதான். ஹுமைத் சீட்டெல்லாம் ரத்தமாக்கிட்டேன், பாவம், அவன் சந்தோஷப்படட்டும்" என்றாள். நான் ஆடு அறுத்தேன். ஹுமைத் தலைக்கறியை எனக்கே எடுத்து வைத்தான், வெட்கம் கெட்டவன்.

பழைய வண்டி இன்னும் அவள் வாசலில் நிற்கிறது. கன்று அதன் நிழலில் தூங்கும். சாயங்காலம் நான் மேட்டில் உட்கார்ந்திருப்பேன். முன்பெல்லாம் வண்டிச் சத்தம் முதலில் வரும். இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. அக்காவின் குரல்தான் முதலில் வருகிறது. ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு கழுத்து முளைக்கிறது.